ஐந்து சிப்பாய்க்கு ஐந்து சிப்பாய்

சதுரங்கத்தைப் புதிதாகக் கற்றுக்கொண்ட சிறுவர்கள் ஆடுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு வழக்கம் தவறாமல் கண்ணில் படும்: பலகையின்மேல் என்ன நடக்கிறது என்பதைவிட, பலகைக்கு வெளியே வெட்டுண்டு கிடக்கும் காய்கள் எத்தனை என்பதையே அவர்கள் அடிக்கடி எண்ணிப் பார்ப்பார்கள். "உனக்கு யானை போச்சு, எனக்குக் குதிரைதான் போச்சு" என்று சொல்லிக்கொள்வதிலே அவர்களுக்கு அலாதியான திருப்தி. குமராட்சியில் பள்ளிக்கூடம் விட்ட பிறகு திண்ணையில் நடக்கிற ஆட்டமானாலும், சிதம்பரத்தில் பந்தயமாக நடக்கிற ஆட்டமானாலும், இந்தக் கணக்கு ஆரம்ப நிலையில் அனேகமாகப் பொய்ப்பதில்லை. காய் அதிகம் வைத்திருப்பவனே பெரும்பாலும் ஜயிக்கிறான். ஆனால் இந்தக் கணக்கே முழு உண்மை என்றால், இரு தரப்பிலும் காய்கள் ஒன்றுக்கொன்று சரியாக இருக்கும் ஒரு நிலையிலிருந்து, கண்ணைப் பறிக்கும் பலி எதுவும் கொடுக்காமல், எதிராளியைச் சிக்கவைக்கும் தந்திரம் எதுவும் செய்யாமல், ஒருவர் நிதானமாக ஆடி வெற்றி பெற்றுவிடுகிறாரே, அது எவ்வாறு சாத்தியமாகிறது?

இதற்கு உதாரணம் தேடிக் கடல் கடந்து போக வேண்டியதில்லை. 2013-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் தேதி சென்னையில், உலகச் சாம்பியன் பட்டத்துக்கான போட்டியின் ஐந்தாவது ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம் விசுவநாதன் ஆனந்த். குமராட்சியிலிருந்து தெற்கே கொள்ளிடத்தைத் தாண்டினால் வருகிற மயிலாடுதுறையில் 1969-இல் பிறந்து, தாயாரிடம் சதுரங்கம் பயின்று, சென்னையில் மானுவல் ஆரோன் நிறுவிய தால் சதுரங்க மன்றத்தில் விரைவாட்டம் ஆடி வளர்ந்து, அதற்குள் ஐந்து முறை உலகப் பட்டம் பெற்றிருந்தவர். மறுபக்கம், இன்னும் இருபத்துமூன்று வயது நிரம்பாத நார்வே நாட்டு மாக்னஸ் கார்ல்சன். முதல் நான்கு ஆட்டங்களும் டிராவில் முடிந்திருந்தன. (காயைப் பலி கொடுத்துத் தாக்குவதில் உலகப் புகழ் பெற்ற மிகைல் தாலின் பெயரைத் தாங்கிய மன்றத்தில் வளர்ந்தவருக்கு, பொறுமையே ஆயுதமாகக் கொண்ட ஒருவரால் சொந்த ஊரிலேயே சோதனை ஏற்பட்டது ஒரு விசித்திரந்தான்.)

அந்த ஐந்தாவது ஆட்டத்தின் 22-ஆவது நகர்த்தல் முடிந்த நிலையை எடுத்துக்கொள்வோம். மூலைவாட்டில் செல்லும் காயை மந்திரி என்றும், நேர்கோட்டில் செல்லும் காயை யானை என்றும் நம் பக்கத்தில் சொல்லும் வழக்கத்தையே இங்கும் கைக்கொள்கிறேன். ராணிகள் இரண்டும் 15-ஆவது நகர்த்தலிலேயே ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு வெளியேறிவிட்டன. குதிரைகள் நான்கும் போய்விட்டன. வெள்ளைக் காய்களுடன் ஆடிய கார்ல்சனிடம் மிஞ்சியவை இரண்டு யானை, ஒரு மந்திரி, ஐந்து சிப்பாய். கறுப்புக் காய்களுடன் ஆடிய ஆனந்திடமும் இரண்டு யானை, ஒரு மந்திரி, ஐந்து சிப்பாய். மந்திரிகள் இரண்டுமே வெள்ளைக் கட்டங்களில் உலாவுபவை. திண்ணைச் சிறுவனைக் கூப்பிட்டுக் கேட்டால், "சமம்" என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவான். அந்தச் சமத்திலிருந்து இன்னும் 36 நகர்த்தல்கள் நடந்து, 58-ஆவது நகர்த்தலில் ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

எண்ணிக்கை சமமாக இருந்தும் எது சமமாக இல்லை என்பதை அறியச் சிப்பாய்களை மட்டும் உற்று நோக்க வேண்டும். சிப்பாய் பின்னோக்கி நகராத காய். ஒருமுறை முன்வைத்த அடியைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகையால் பலகையில் நிலையான அமைப்பு என்று ஏதாவது உண்டென்றால் அது சிப்பாய்களின் அமைப்புத்தான். மற்றக் காய்கள் எல்லாம் அந்த அமைப்புக்கு இடையே வந்துபோகும் அதிதிகள். பிரெஞ்சு நாட்டு பிலிதோர் 1749-இலேயே சிப்பாய்களைச் சதுரங்கத்தின் ஆத்மா என்று எழுதிவைத்தது இந்தக் காரணம் பற்றித்தான். அடுத்தடுத்த நெடுக்கு வரிசைகளில் நிற்கும் சிப்பாய்கள் ஒன்றுக்கொன்று காவலாக முடியும். இடையிலே ஒரு வரிசை காலியாகிவிட்டால் அந்தப் பிணைப்பு அறுந்துபோகிறது. இப்படிப் பிணைந்து நிற்கும் ஒவ்வொரு கூட்டத்தையும் சதுரங்க நூலோர் ஒரு தீவு என்பார்கள். நாம் எடுத்துக்கொண்ட நிலையில் வெள்ளையின் ஐந்து சிப்பாய்கள் மூன்று தீவுகளாக நிற்கின்றன. கறுப்பின் ஐந்தும் நான்கு தீவுகளாகச் சிதறியிருக்கின்றன. அக்கம்பக்கத்தில் துணையின்றி நிற்கும் தனிச் சிப்பாய் வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு மூன்று. தனிச் சிப்பாயை இன்னொரு சிப்பாய் காக்க முடியாதாகையால், யானையோ மந்திரியோ ராஜாவோ அந்தக் காவல் வேலைக்கு வந்து நிற்க வேண்டும். பெரிய காய் ஒன்று சிறிய காய்க்குக் காவலாளாகிவிடுவது, வெளிக்குத் தெரியாத ஒரு நஷ்டம்.

இரண்டாவது வித்தியாசம் இன்னும் சூட்சுமமானது. கறுப்பின் சிப்பாய்களுள் மூன்று வெள்ளைக் கட்டங்களில் நிற்கின்றன; அவருடைய மந்திரியும் வெள்ளைக் கட்டங்களில் மட்டுமே செல்லக்கூடியது. ஆகவே மந்திரியின் பாதையைச் சொந்தச் சிப்பாய்களே மறிக்கின்றன. வெள்ளையின் சிப்பாய்களிலோ நான்கு கறுப்புக் கட்டங்களில் நிற்பதால், அவருடைய மந்திரி பலகையின் நடுவில் நின்றுகொண்டு இருபுறமும் தடையின்றிப் பார்க்கிறது. பெயரும் உருவமும் விலையும் ஒன்றாயிருக்கும் இரண்டு மந்திரிகளுள் ஒன்று ஆளுகிறது, மற்றது அடைபட்டிருக்கிறது.

இப்படிப்பட்ட சிறு வித்தியாசங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துவைத்து, அவற்றின் மொத்தத்தால் வெல்லும் ஆட்டத்தை நிலையாட்டம் என்று சொல்லலாம். 1886-இல் நடந்த முதலாவது அதிகாரபூர்வமான உலகப் பட்டப் போட்டியில் வென்ற வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸ்தான் இதை ஒரு சித்தாந்தமாக வகுத்தவர் என்பார்கள். இளமையில் அவரே மூர்க்கமான தாக்குதல்காரர். அந்தக் காலத்து ரசிகர்களுக்கும் ராணியைப் பலி கொடுத்து ராஜாவைச் சிறைப்பிடிப்பதுதான் ஆட்டமாகத் தோன்றியது. தாக்குதல் என்பது நினைத்தபோது செய்யக்கூடிய வீரச் செயலல்ல, சிறிய அனுகூலங்கள் ஏற்கெனவே சேர்ந்திருந்தால் மட்டுமே நியாயமாகும் ஒரு விளைவு என்று அவர் வாதித்தபோது, பலருக்கு அது கோழைத்தனமாகப்பட்டது.

சித்தாந்தம் ஒன்றைச் சொல்வது எளிது. அதை எண்ணால் அளந்து காட்டுவது வேறு விஷயம். அந்த முயற்சியைத் தெளிவாகச் செய்தவர் அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன். கணினி யந்திரத்தைச் சதுரங்கம் ஆடவைப்பது எப்படி என்று 1950-இல் வெளிவந்த ஒரு கட்டுரையில், ஒரு நிலையின் நன்மை தீமையை மதிப்பிட அவர் ஒரு கணக்குச் சொன்னார். ராணிக்கு 9, யானைக்கு 5, மந்திரிக்கும் குதிரைக்கும் தலைக்கு 3, சிப்பாய்க்கு 1 என்பது பழைய மதிப்பீடு. அதோடு, தனித்து நிற்கும் சிப்பாய் ஒவ்வொன்றுக்கும் அரைச் சிப்பாய் கழிக்க வேண்டும் என்றும், காய்களுக்குச் செல்லக்கூடிய வழிகள் ஒவ்வொன்றுக்கும் சிப்பாயில் பத்தில் ஒரு பங்கு கூட்ட வேண்டும் என்றும் அவர் சேர்த்தார். இவை தோராயமான எண்கள் என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆயினும் இதில் பொதிந்துள்ள கருத்தைக் கவனிக்க வேண்டும்: இரண்டு தனிச் சிப்பாய்கள் சேர்ந்தால் ஒரு சிப்பாயை இழந்ததற்குச் சமம், மந்திரியின் பாதை திறந்து அதற்குக் கூடுதலாக ஐந்து வழிகள் கிடைத்தால் அரைச் சிப்பாய் லாபம். பலகைக்கு வெளியே கிடப்பதை எண்ணும் சிறுவனின் கணக்கும், பலகையின்மேல் நிற்பதை எண்ணும் ஸ்டைனிட்ஸின் கணக்கும் இங்கே ஒரே நாணயத்தில் வந்து சேர்ந்தன.

அற்ப அனுகூலம் ஒன்று இருக்கிறது என்பது இதனால் விளங்கலாம். ஆனால் அற்பம் அற்பமாகவே இருந்துவிட்டால் ஆட்டம் டிராவில்தானே முடியும்? அது வளர்வது எப்படி?

கொள்ளிடத்தில் வெள்ளம் வரும் நாட்களில் கரையோரத்துக் கிராமத்தார் இரவு முழுவதும் கரையில் காவல் இருப்பதை நம் பக்கத்தில் அறியாதவர் இல்லை. ஆறு கரை முழுவதையும் ஒரே மூச்சில் இடித்துத் தள்ளுவதில்லை. நெடுகிலும் பாரத்தை வைத்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். எங்கே நண்டு வளையோ எலி வளையோ இருக்கிறதோ அங்கே கசிகிறது. ஓரிடத்தில் கசிந்தால் ஆட்கள் மணல் மூட்டையோடு ஓடிப்போய் அடைத்துவிடுவார்கள். அங்கே ஆறு மறுபடியும் தோற்றுப்போகும். ஆனால் அரை மைல் இடைவெளியில் இரண்டு இடங்களில் ஒரே சமயத்தில் கசிவு கண்டால், அதே ஆட்கள், அதே மூட்டைகள் இருந்தும் தவிப்பு ஏற்படுகிறது. மூட்டைக்குப் பஞ்சமில்லை, ஒரு கசிவிலிருந்து மற்றதற்கு ஓடும் தூரந்தான் பகையாகிறது. நிலையாட்டக்காரர் செய்வதும் இதுவே. ஒரு பலவீனத்தை எதிராளி காத்துக்கொள்ள முடியும். ஆகவே அதை விட்டுவிடாமல் பாரத்தை வைத்துக்கொண்டே, பலகையின் மறுகோடியில் இரண்டாவது பலவீனம் ஒன்று உண்டாகும்வரை அவர் காத்திருக்கிறார்.

இந்த உவமை ஓரிடத்தில் பொருந்தாது. அந்த இடமே மிக முக்கியமானது. கரை சும்மா நிற்கலாம். சதுரங்கத்தில் யாரும் சும்மா நிற்க முடியாது. உன் முறை வந்தால் நீ ஏதாவதொரு காயை நகர்த்தியே தீர வேண்டும். "நான் இப்படியே இருக்கிறேன்" என்று சொல்ல விதி இடம் கொடுப்பதில்லை. எல்லாக் காய்களும் சரியான ஸ்தானத்தில் காவலுக்கு நிற்கும்போது, நகர்த்த வேண்டிய கட்டாயமே ஒரு தண்டனையாகிவிடுகிறது: எதை நகர்த்தினாலும் ஏதோ ஒரு காவல் கெடும். இந்தக் கட்டாய நகர்த்தலின் பாரம் முழு வடிவில் ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில்தான் தோன்றும் என்றாலும், அதன் சாயை எப்போதும் உண்டு. சிறிய அனுகூலம் உள்ளவருக்கு அடுத்து அடுத்துச் செய்ய உபயோகமான நகர்த்தல்கள் இருந்துகொண்டே இருக்கின்றன. மற்றவருக்கோ அவை தீர்ந்துபோகின்றன. தீர்ந்த பிறகு அவர் தம் அமைப்பையே கலைக்கத் தொடங்குகிறார்.

இனி ஐந்தாவது ஆட்டத்துக்குத் திரும்பலாம். 22-ஆவது நகர்த்தலுக்குப் பின் கார்ல்சன் செய்த முதல் காரியம் எதையும் தாக்குவதாக இல்லை. சிப்பாய்களே இல்லாமல் திறந்துகிடந்த எஃப் வரிசையில் தம் இரண்டு யானைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவந்து நிறுத்தினார்; 28-ஆவது நகர்த்தலில் அவற்றுள் ஒன்று எஃப்6 கட்டத்தில், எதிரியின் எல்லைக்குள்ளே, போய் அமர்ந்தது. இதற்குள், வெள்ளையின் பக்கமிருந்து பார்க்க வலப்பக்கத்தில் நின்ற ஆனந்தின் சிப்பாய்கள், யானையை விரட்டுவதற்காகவும் இடம் பிடிப்பதற்காகவும் முன்னேறி, ஜி5, எச்4 கட்டங்களை அடைந்துவிட்டன. அவருடைய யானை ஒன்று பி5-க்கும் சி5-க்குமாகப் போய்ப்போய் வந்தது. அது செய்யத் தகுந்த வேலை ஒன்று கிடைக்காததின் அடையாளம். கார்ல்சனின் ராஜா நிதானமாகச் சில கட்டங்கள் நடந்து, இடப்பக்கத்துச் சிப்பாய்களுக்கு அருகில் வந்து நின்றார்.

அடைபட்ட மந்திரியை விடுவிக்க ஆனந்த் மேற்கொண்ட பிரயத்தனம் மிகுந்த திறமை வாய்ந்தது. அந்த மந்திரியை வெளியே கொண்டுவந்து எதிரியின் முதல் வரிசைவரை, டி1 கட்டம்வரை, அனுப்பினார். சிப்பாய்களை ஒவ்வொன்றாக முன்னேற்றினார். 38-ஆவது நகர்த்தல் முடிந்தபோது அவருடைய ஐந்து சிப்பாய்களும் ஏ5, சி5, இ5, ஜி5, எச்4 ஆகிய கட்டங்களில் நின்றன. ஐந்துமே கறுப்புக் கட்டங்கள். வெள்ளைக் கட்டத்திலே நின்றபோது அவை மந்திரியை மறித்தன. கறுப்புக் கட்டத்திற்குப் போனபின் மந்திரியால் அவற்றுள் ஒன்றையும் காக்க முடியாமற் போயிற்று. பலவீனம் ஒன்றைப் போக்க முயன்றால் அது பல சமயங்களில் ஒழிந்துபோவதில்லை, உருவம் மாறி வேறிடத்தில் தலையெடுக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிலை எனக்குத் தெரிந்து அந்தப் போட்டியில் வேறில்லை.

அதோடு, அந்தச் சமயத்தில் கறுப்பின் இரண்டு யானைகளும் மந்திரியும் இடப்பக்கத்தில் வெள்ளையின் சிப்பாய்களை நெருக்கிக்கொண்டிருந்தன. வலப்பக்கத்தில் காவலுக்கு ஆள் இல்லை. எஃப்6-இல் புகுந்த அதே யானை, எச்6 வழியாக ஜி6-க்கு வந்து, 40-ஆவது நகர்த்தலில் ஜி5 சிப்பாயையும், 42-ஆவது நகர்த்தலில் செக் சொல்லிக்கொண்டே இ5 சிப்பாயையும் வெட்டியது. பதிலுக்கு ஆனந்த் பி3 சிப்பாயை வெட்டினார். கணக்குப் பார்த்தால் இப்போது நான்குக்கு மூன்று. திண்ணைச் சிறுவன் கண்ணில் படும் வித்தியாசம் முதல்முறையாக இங்கேதான் தோன்றுகிறது. அது உண்டானதோ அதற்கு இருபது நகர்த்தல்களுக்கு முன்பே.

ஒரு சிப்பாய் குறைந்த பிறகும் ஆட்டம் தோற்றுவிடவில்லை. 45-ஆவது நகர்த்தலில் ஆனந்த் தம் யானையைச் சி1-இல் வைத்துச் செக் சொன்னார். அதை ஏ1-க்குக் கொண்டுபோய் ஏ3 சிப்பாயின்மேல் கண் வைத்திருந்தால் டிராவுக்கு நிறுத்தியிருக்கலாம் என்பது பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்ட முடிவு. அதன்பின் மந்திரிகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. கடைசி நிலையைச் சற்று மனக்கண்ணில் பார்க்க வேண்டும்: வெள்ளைக்கு மிஞ்சிய இரண்டு சிப்பாய்களில் ஒன்று பலகையின் இடது ஓரத்தில் ஏ7-இல், மற்றொன்று வலது ஓரத்தில் எச்4-இல். இதற்குமேல் தூரம் வைக்கப் பலகையில் இடமில்லை. எச்7-இல் நின்ற ஒரே யானை, குறுக்கே ஒன்றையும் கீழே மற்றொன்றையுமாக இரண்டையும் காத்தது. கறுப்பின் யானையோ இடது ஓரத்துச் சிப்பாயை விட்டு அசைய முடியாது. மறுநாள் நடந்த ஆறாவது ஆட்டமும் ஏறத்தாழ இவ்விதமே நீண்டு, 60-ஆவது நகர்த்தலில் நேர்ந்த ஒரு பிசகால் ஆனந்துக்குப் பாதகமாக 67-ஆவது நகர்த்தலில் முடிந்தது. நவம்பர் 22-இல் பட்டம் ஆறரைக்கு மூன்றரை என்ற கணக்கில் கைமாறியது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். 45-ஆவது நகர்த்தலில் ஆனந்த் தவறாமலிருந்தால் டிராதானே. ஆகவே கார்ல்சன் வென்றது அதிருஷ்டத்தால் என்று சொன்னால் என்ன? அந்த நாட்களில் அப்படிச் சொன்னவர்கள் உண்டு. கணினி யந்திரங்கள் ஒரு நிலையைச் சமம் என்று கூறுவதற்கு என்ன பொருள் என்று யோசிக்காததால் வரும் மயக்கம் இது. இரு தரப்பாரும் இறுதிவரை பிழையே செய்யாமல் ஆடினால் யாரும் வெல்லமாட்டார்கள் என்பதுதான் அதன் பொருள். இரு தரப்பாருக்கும் வேலை சமம் என்பது அதன் பொருளல்ல. ஒருவர் முன்னால் ஐந்து நகர்த்தல்கள் இருந்து ஐந்துமே பாதுகாப்பானவையாக இருக்கலாம். மற்றவர் முன்னாலும் ஐந்து இருந்து, ஒன்றே ஒன்று மட்டும் பாதுகாப்பானதாக இருக்கலாம். யந்திரத்துக்கு இரண்டும் ஒன்று. நாற்பது நகர்த்தல்களுக்கு இரண்டு மணி நேரம் என்ற விதிக்குள் உட்கார்ந்து களைத்துப்போன மனிதனுக்கு இரண்டும் ஒன்றாகா. அந்த ஒற்றை வழியை ஒருமுறை கண்டுபிடிப்பது அசாத்தியமல்ல. இருபது முறை தொடர்ந்து கண்டுபிடிப்பதுதான் துர்லபம். பிழை எந்த நகர்த்தலில் வரும் என்று கார்ல்சனுக்குத் தெரியாது. பிழைக்கு இடமில்லாத நகர்த்தல்களைத் தமக்கும், பிழைக்கு இடமுள்ளவற்றை எதிராளிக்கும் ஒதுக்கிக்கொண்டே போவது அவர் கையில் இருந்தது. இதை அதிருஷ்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இத்தனை சூட்சுமமான விஷயங்களை ஆட்டக்காரர் பலகையைப் பார்த்த மாத்திரத்தில் எவ்வாறு கிரகிக்கிறார்? நெடுந்தூரம் முன்கூட்டிக் கணக்கிடுவதாலே என்றுதான் வெகுகாலம் எல்லாரும் நம்பினார்கள். நெதர்லாந்து நாட்டு உளவியல் அறிஞர் ஆட்ரியான் தெ க்ரோட், தாமும் நல்ல சதுரங்க ஆட்டக்காரர், 1946-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இந்த நம்பிக்கையைச் சோதித்தார். ஆட்டக்காரர்களை ஒரு நிலையின் முன் உட்காரவைத்து, நினைப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் செய்து எழுதிக்கொண்டபோது, உலகத் தரத்தவர்கள் மற்றத் தேர்ந்த ஆட்டக்காரர்களைவிட அதிகத் தூரம் கணக்கிட்டதாகத் தெரியவில்லை; ஆராயத் தகுந்த நகர்த்தல் எது என்பது அவர்களுக்கு ஆரம்பத்திலேயே தோன்றிவிட்டது, அவ்வளவுதான். 1973-இல் அமெரிக்காவில் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இருவர் இதைத் தொடர்ந்தனர். உண்மையாக நடந்த ஆட்டங்களிலிருந்து எடுத்த நிலைகளை ஐந்து விநாடி மட்டும் காட்டி மறைத்துவிட்டு, அப்படியே அடுக்கச் சொன்னால், ஆசான் ஏறத்தாழ 16 காய்களைச் சரியாக வைத்தார், நடுத்தரமானவர் 8, புதியவர் 4. அடுத்து அதே காய்களைத் தாறுமாறாகக் கலைத்து வைத்துக் காட்டியபோது ஆசானின் மேன்மை அனேகமாக மறைந்து, மூவரும் மூன்று நான்கு காய்களோடு நின்றுவிட்டனர். அவருக்கு ஞாபகசக்தி விசேஷமாக அமைந்திருந்தால் கலைந்த நிலையிலும் அது உதவியிருக்க வேண்டும். ஆகவே அவர் காண்பது தனித்தனிக் காய்களை அல்ல, அர்த்தமுள்ள கூட்டங்களை. கலைத்துப்போட்ட நிலையிலும் தேர்ந்தவர்களுக்குச் சிறிதளவு மேன்மை உண்டு என்று பிற்கால ஆய்வுகள் திருத்தம் சொன்னபோதிலும், சோதனையின் சாரம் மாறவில்லை. நான்கு தீவுகளும் அடைபட்ட மந்திரியும் கார்ல்சனுக்குப் பார்வையிலேயே வந்துவிட்டன. கணக்கு அதன் பிறகே.

இருந்தாலும் ஒரு சந்தேகம் பாக்கி நிற்கிறது. தனிச் சிப்பாய் பலவீனம், அடைபட்ட மந்திரி குறைபாடு என்பவையெல்லாம் மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட சம்பிரதாயமாக மட்டும் இருக்கக்கூடாதா? ஷானனின் எண்களும் மனிதர் அபிப்பிராயத்திலிருந்து வந்தவைதாமே? இதற்கு விடை 2017-ஆம் ஆண்டு டிசம்பரில் கிடைக்கத் தொடங்கியது. ஆல்பாஜீரோ என்ற கணினி நிரலுக்குக் காய்கள் எவ்வாறு நகரும் என்ற விதி மட்டும் சொல்லப்பட்டது. ராணிக்கு ஒன்பது என்றுகூட யாரும் சொல்லித்தரவில்லை. அது தன்னோடு தானே கோடிக்கணக்கான ஆட்டங்கள் ஆடி, வெற்றி தோல்வியை மட்டும் குருவாகக் கொண்டு கற்றது. பிறகு, மனிதர் வகுத்த மதிப்பீட்டை நம்பி ஆடிய அக்காலத்துத் தலைசிறந்த நிரலை எதிர்த்து, 100 ஆட்டங்களில் 28-ஐ வென்று, ஒன்றிலும் தோற்கவில்லை. அந்த ஆட்டங்களில் பலவற்றில் அது எதிரியின் மந்திரியையோ யானையையோ அடைத்துவைத்துவிட்டு அவசரமின்றிக் காத்திருந்தது. 2008-இல் ஆனந்திடம் பட்டப் போட்டியில் தோற்ற விளாதிமிர் கிராம்னிக்கும் ஒரு கூட்டாசிரியராகச் சேர்ந்து 2022-இல் வெளிவந்த ஆய்வொன்று, அந்த நிரல் கற்றுக்கொண்டுவந்த வரிசையையே உள்ளே புகுந்து பார்த்தது. முதலில் அதற்குப் பிடிபட்டது காய்களின் விலை. காய்களின் நடமாட்டம், ராஜாவின் பாதுகாப்பு முதலியவை பின்னால் வந்தன. திண்ணைச் சிறுவன் தொடங்கிய இடத்திலேயே யந்திரமும் தொடங்கியிருக்கிறது என்பது எனக்கு வேடிக்கையாகவும் ஆறுதலாகவும் இருக்கிறது. சம்பிரதாயம் என்று நாம் சந்தேகித்தது, எவரும் சொல்லாமலே மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டதால், அதை விளையாட்டின் இயல்பிலேயே உள்ள உண்மை என்று கொள்ளலாம்.

திருவாரூர் மாவட்டத்துப் பூவனூரில் இறைவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று திருநாமம். சதுரங்கத்தில் எவராலும் வெல்ல முடியாத ராஜகுமாரி ஒருத்தியை ஈசுவரனே வயோதிகராக வந்து ஆடி வென்று மணந்தார் என்பது ஐதிகம். தாக்கி வென்றாரா, பொறுத்து வென்றாரா என்று நான் கேட்ட கதையில் இல்லை. வயோதிகராக வந்தார் என்பதைக்கொண்டு பின்னதாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன்.

2013-இல் அந்தச் சென்னைப் போட்டியைப் பார்வையாளர் பகுதியிலிருந்து பார்த்தவர்களுள் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான், பெயர் குகேஷ். பதினோரு ஆண்டுகளுக்குப் பின், 2024 டிசம்பர் 12-இல், சிங்கப்பூரில் நடந்த பட்டப் போட்டியின் பதினான்காவதும் கடைசியுமான ஆட்டத்தில் அவர் சீன நாட்டு டிங் லிரெனை எதிர்த்துக் கறுப்புக் காய்களோடு உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் ஆறரை ஆறரையாக நின்றது கணக்கு. ஒவ்வொருவருக்கும் ஒரு யானை, ஒரு மந்திரி. குகேஷுக்குச் சிப்பாய் இரண்டு, டிங்குக்கு ஒன்று. நிபுணர்களும் யந்திரங்களும் டிரா என்றே கூறினர். குகேஷ் விடவில்லை; அவருக்கு அபாயம் எதுவுமில்லை, டிங்குக்கு ஒவ்வொரு நகர்த்தலிலும் இருந்தது; மேலும் டிங்கின் மந்திரி ஏ8 என்ற மூலைக் கட்டத்தில் ஒதுங்கியிருந்தது. 55-ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்து, யானைக்கு யானை வெட்டிக்கொள்ள இடம் கொடுத்தார். குகேஷ் வெட்டினார், அடுத்த நகர்த்தலில் தம் மந்திரியை டி5-இல் வைத்தார். மூலையில் இருந்த மந்திரிக்கு அந்த எதிர்ப்பிலிருந்து விலகிப்போக வழியில்லை. அதுவும் வெட்டுப்பட்டாக வேண்டும். மிஞ்சுவது ராஜாவும் இரண்டு சிப்பாயும் ஒரு பக்கம், ராஜாவும் ஒரு சிப்பாயும் மறுபக்கம்.

இந்த இடத்தில் கவனிக்க ஒன்று உண்டு. ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்களோ அதற்குக் குறைவாகவோ உள்ள நிலைகள் எல்லாவற்றுக்கும், இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் முடிவு இன்னது என்று யந்திரங்கள் ஒன்றுவிடாமல் கணக்கிட்டு அட்டவணையாக்கிவிட்டன. ஏழு காய் அட்டவணை 2012-இல் மாஸ்கோவில் முதலில் முடிந்தது. எட்டு காய் முதல் மேலே உள்ளவற்றில் பெரும்பாலானவை இன்னும் மதிப்பீடுதான். டிங் யானையைத் தொடும் முன் பலகையில் ஒன்பது காய்கள் இருந்தன. யானைகள் இரண்டும் போனபின் ஏழு.